கிளுவையேந்தலின் நீர்மட்டம்

கிளுவையேந்தல் கண்மாய் கடைசியாகத் தண்ணீரைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் முடிந்து பதின்மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்த ஐப்பசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், தலையாரி ராக்கு ஒரு கையில் கஞ்சிப் பசைக் கிண்ணமும் மறுகையில் சர்க்கார் நோட்டீசுமாக மடைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, வடக்கேயிருந்து பறவைகள் வந்தன.

வழி தவறி வந்த ஒன்றிரண்டு அல்ல. கூழைக்கடாக்கள் வந்தன, நத்தைக்குத்தி நாரைகள் வந்தன, நீர்க்காகங்கள் வந்தன, வக்காக்கள் வந்தன, ஊருக்குப் பேர் கொடுத்த கிளுவை வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்தன, கடைசியாக, பந்தி முடிகிற நேரத்தில் வந்து சேருகிற சம்பந்தி மாதிரி, நீளவால் இலைக்கோழிகள் வந்தன. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தரைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்க்கிற மரியாதைகூட இல்லாமல், காய்ந்த கருவேல மரங்களிலும் கரையிலும் தரையிலும் அவை சட்டமாக இறங்கின. ராக்குவின் கையிலிருந்த நோட்டீசின் மேல்தான் முதல் எச்சம் விழுந்தது.

அந்த நோட்டீசில் எழுதியிருந்தது இதுதான்: மேற்படி கண்மாயில் பன்னிரண்டு வருஷமாக நீரில்லை, நீர்த்தாவரமில்லை, நீர்ப்பறவையில்லை. ஆகவே கண்மாய் என்கிற பேரை எடுத்துவிட்டுத் தரிசு என்று எழுத உத்தேசம். தை மாதம் தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார், கிராமத் தலையாரி சாட்சிக் கையெழுத்துப் போடுவார். தரிசு என்று எழுதிய மறுநாள் அங்கே ஒரு கம்பெனி வந்து சரக்குக் கிடங்கு கட்டும் என்பது நோட்டீசில் எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் ஏன் வரவில்லை என்பதும் தெரியும். மழை பெய்யாமல் போகவில்லை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்காலின் குறுக்கே நாலுவழிச் சாலையைப் போட்டுவிட்டு, குழாய் பதிக்க மறந்துபோய், மறந்ததை ஞாபகப்படுத்தப் போனவர்களிடம் மனு கொடுங்கள் என்றார்கள். பன்னிரண்டு வருஷமாக ஊர் மனுக் கொடுத்தது. கழுத்தை நெரித்தவனே வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பேர்தான் நேரடி ஆய்வு.

ராக்குவுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் செத்தபின் அவனுடைய தலையாரி வேலை அவளுக்கு வந்தது. சர்க்கார் சொன்னதைச் செய்ய வேண்டியவள் என்பதால் எச்சத்தோடு சேர்த்து நோட்டீசை மடைக்கல்லில் ஒட்டினாள். எச்சத்தில் கடுகைப் போலக் கருப்பாக நாலைந்து விதை இருந்ததை அவள் பார்த்தாள், துடைக்கவில்லை.

கிளுவையேந்தலில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் வருகிற பறவைகளை அந்த ஊர் பறவை என்று சொல்லாது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகள்கள் என்று சொல்லும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சத்தம் போடலாமா? போடக்கூடாது. அதனால் ஐப்பசி முதல் பங்குனி வரை அந்த ஊரில் வேட்டு இல்லை, மேளம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் மட்டும் உண்டு, வெடி கிடையாது. தையில் கல்யாணம் வைத்தால் தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளத்துக்குப் பதில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்சதை போடுவார்கள். இதில் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பைத்தியக்காரத்தனம் ஒன்று இருந்தது. பறவையே வராத பன்னிரண்டு வருஷமும் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ‘இல்லாத பிள்ளைத்தாய்ச்சிக்குப் பத்தியம் பாக்குற ஊரு’ என்று பக்கத்து ஊரில் கேலி பேசினார்கள். மகள் கோபித்துக்கொண்டு வராமல் இருக்கிறாள் என்பதற்காகத் தாய்வீட்டில் அவள் படுக்கிற பாயை வித்துவிடுவார்களா என்று கேட்டுவிட்டு, கிளுவையேந்தல் மறுபடி வாயை மூடிக்கொண்டது.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை யாரும் அதிசயப்படவில்லை. ஊர்த்தலைவரான அம்பலம் அங்குச்சாமி மட்டும் கரையில் ஏறி நின்று, துண்டை இடுப்பில் கட்டி, “வாங்க தாயி, வாங்க. வரக்கூடாதுன்னு எழுதி ஒட்டுற அன்னைக்கே வந்திருக்கீகளே, நீங்கதான் எங்க புள்ளைக” என்றார்.

மூன்றாம் நாள் நோட்டீசில் முளை விட்டது.

பிறகு எங்கெங்கும் விட்டது. பறவைகள் விடிந்ததும் பறந்துபோய், எங்கெங்கோ தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து மேய்ந்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தன. வயிற்றில் விதையோடு வந்தன, கால்விரல் இடுக்கில் சேற்றோடு வந்தன, இறகில் ஒட்டிய பாசியோடு வந்தன. ஒவ்வொன்றும் தான் இறங்கிய ஏரியிலிருந்து ஒரு சிட்டிகையைக் கொண்டுவந்தது. நாரை கோரையைக் கொண்டுவந்தது, கிளுவை அல்லியைக் கொண்டுவந்தது, இன்னொன்று கொட்டிக்கிழங்கின் விதையை, இன்னொன்று பெயர் தெரியாத ஒரு நீலப் பூவை. நல்லது கெட்டது பார்க்கத் தெரியாத ஒன்று வெங்காயத்தாமரையையும் கொண்டுவந்தது. அதை மட்டும் பெண்கள் பிடுங்கிக் கரையில் காயப் போட்டார்கள். மகள் கொண்டுவந்தாள் என்பதற்காக ஊசிப்போன பலகாரத்தைத் தின்ன முடியாதல்லவா?

ஒன்பதாம் நாள் தண்டுகள் எழுந்தன. ஒரு சொட்டு ஈரமில்லாத வெடிப்புகளிலிருந்து, பிடிமானம் எதுவும் இல்லாமல், குழந்தையின் விரல் கனத்தில் ஆயிரம் தண்டுகள் நேராக மேலே போய், ஒரு மட்டத்தில் எல்லாம் ஒன்றுபோல நின்று, அங்கே இலையை விரித்தன. கரையோரம் கணுக்கால் மட்டத்தில் விரித்தன, நடுவில் நெஞ்சு மட்டத்தில், மடைக்கருகில் இரண்டு ஆள் உயரத்தில். தரைதான் ஏறி இறங்கியது, இலைகள் ஒரே மட்டம். கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிற நாளில் தண்ணீர் எங்கே நிற்குமோ அங்கே, அரை விரல் கூடாமல் குறையாமல், அல்லியிலைகள் வெறும் காற்றின் மேல் படர்ந்து கிடந்தன. காற்றடித்தால் அலை அடித்தது. இலைக்கோழிகள் அதன் மேல் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து திரிந்தன.

ஊர் அதற்குக் கீழே புழங்கப் பழகிக்கொண்டது. ஆடுகள் இலைக்குடையின் கீழே மேய்ந்தன. பெண்கள் பூப்பறிக்க அண்ணாந்து நின்றார்கள். பாத்திமுத்துவின் டீக்கடை கண்மாய்க்கரை உள்வாயில் இருந்ததால் அதன் பெஞ்சுக்கு மேலே இடுப்பு மட்டத்தில் இலைகள் வந்துவிட்டன. ஆட்கள் டீ கிளாசை இலையின் மேல் வைத்தார்கள். அது லேசாக அமிழ்ந்து மிதந்தது, பக்கத்தில் இருப்பவர் ஒரு தட்டுத் தட்டினால் எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்தது. “இனிமே எனக்கு கிளாஸ் எடுத்துக் குடுக்க ஆளு வேணாம்” என்றாள் பாத்திமுத்து.

வழக்குகளும் வந்தன. இலைக்குக் கீழே செருப்புப் போட்டுக்கொண்டு போகலாமா? போகலாம், ஆனால் சோப்புப் போடக்கூடாது என்று தீர்ப்பானது. கார்த்திகையில் ஒரு சாவு விழுந்தது. எடுத்துக்கொண்டு போனவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பன்னிரண்டு வருஷமாகச் செய்வதுபோல அடிகுழாய்க்குப் போகாமல், கண்மாய்க்குள் இறங்கி, தலை மறைகிற ஆழம் வரை நடந்து, ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மேலேறி வந்தார்கள். வேட்டி நனையவில்லை. தீட்டுப் போய்விட்டது என்று ஊர் ஒத்துக்கொண்டது.

ஒரு குட்டும் வெளிப்பட்டது. அங்குச்சாமி அம்பலம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றார். மடைப்பக்கம் வாங்க என்று எத்தனை கூப்பிட்டும் அசையவில்லை. கடைசியில் எரிச்சலாக, “எனக்கு நீச்சத் தெரியாதப்பா, விடுங்க” என்றார். கண்மாய்க்கு அம்பலமாக இருபத்தெட்டு வருஷம் மாலை வாங்கிய மனிதர், அறுபத்தேழு வயதில் அதைச் சொன்னார். ஊர் சிரித்த சிரிப்பில் இரண்டு கூழைக்கடாக்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு மிச்சத்தைச் சிரித்தார்கள்.

ராக்கு சிரித்தாள், ஆனால் அவளுக்கு வேறு யோசனையும் இருந்தது. எச்சம் ஊர் முழுக்கத்தான் விழுந்தது. பள்ளிக்கூட ஓட்டில் விழுந்தது, கோயில் மதிலில் விழுந்தது, மினிபஸ்ஸின் தலையில் விழுந்தது. அங்கெல்லாம் முளைக்கவில்லை. தண்ணீர் எங்கே நின்றிருந்ததோ அங்கே மட்டும் முளைத்தது, நின்ற உயரம் வரை மட்டும் வளர்ந்தது. அவளே ஆறாவது வறட்சி வருஷத்தில், யார் கேட்கப்போகிறார்கள் என்று, கண்மாய்க்குள் எட்டு முழம் தள்ளி ஒரு மாட்டுக்கொட்டகை போட்டிருந்தாள். அல்லி அந்தக் கொட்டகையின் மண்சுவரில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, மாட்டின் முழங்கால் மட்டத்தில் இலையை விரித்துவிட்டு நின்றது. சுவர் இடியவில்லை. சுவர் அங்கே இல்லாததுபோல அது வளர்ந்திருந்தது. ராக்கு இரண்டு நாள் அதைப் பார்த்தாள். தலையாரி வீட்டிலேயே ஆக்கிரமிப்பா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு வலித்தது. மூன்றாம் நாள் அவளே கொட்டகையைப் பிரித்துக் கரைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். அன்றிலிருந்து, இந்த இலை பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரிந்தது.

தை மாதம் பத்தாம் தேதி தாசில்தார் குணாளன் வந்தார். நல்ல மனிதர், முகத்தில் கடுப்பே கிடையாது, எதையும் சிரித்துக்கொண்டே மறுப்பார். சர்வேயரோடு ஜீப்பிலிருந்து இறங்கி, கரையைத் தாண்டி, கணுக்கால் இலை முழங்கால் இலையாகி, முழங்கால் இலை நெஞ்சு இலையாகிற வரை நடந்து, நெஞ்சுக்கு முன்னால் மிதந்த ஒரு பூவை இரண்டு விரலால் ஒதுக்கிவிட்டு, ராக்குவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, தண்ணி எங்க?”

“தண்ணி இருந்த எடத்துல எலை இருக்குங்கய்யா.”

“எலை இருக்கு, பாக்குறேன். தண்ணி எங்க?”

“நாலுவழி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிதுங்கய்யா. வழி விட்டீகன்னா வந்துரும்.”

சர்வேயர் சிரிப்பை அடக்க இருமினார். குணாளனுக்குக் கோபம் வரவில்லை. “இந்தா பாரும்மா,” என்றார், “நானும் கம்மாத் தண்ணி குடிச்சு வளந்தவன்தான். ஆனா ஒரு ஊர்ல மட்டும் நடந்தா அதுக்குப் பேரு அதிசயம். அதிசயத்த எழுத எங்க படிவத்துல கட்டம் கெடையாது. பத்து எடத்துல நடந்தா அது நெலவரம். நெலவரம்னா நானே நெனச்சாலும் எழுதாம இருக்க முடியாது. இங்க ஒண்ணு நடக்குது, ரெண்டு மிசினு வந்தா மூணு நாள்ல வழிச்சு எடுத்துரும். நீர்மட்டம் பூச்சியம்னு போட்டுருக்கேன். மாசி ரெண்டாவது திங்கக்கெழமை ஆபீசுக்கு வந்து சாட்சிக் கையெழுத்தப் போட்டுரு.”

“போடலன்னா?”

“உன் வேலைய நான் காப்பாத்த முடியாது. கையெழுத்துக்கு வேற ஆளு கெடைக்கும்.”

அவர் போகும்போது, ஆழம் குறையக் குறைய, தன்னை அறியாமல் பேண்ட்டை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். ராக்கு அதைக் கவனித்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் வேறெதையும் நினைக்கவில்லை. வேலை போனால் மாடு இருக்கிறது, நூறுநாள் வேலை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் போடாத கையெழுத்தை இன்னொருத்தன் போடுவான், மிஷின் வரும், கருவேல மரங்களைச் சாய்க்கும், அடுத்த ஐப்பசியில் வருகிறவர்கள் கான்கிரீட்டின் மேல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு எங்கே போவார்கள்? ஒரு ஊரில் நடந்தால் அதிசயம். பத்து இடத்தில் நடந்தால் நிலவரம். இதையே மென்றுகொண்டு பாத்திமுத்துவின் கடையில் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே ஒரு கிளுவை பறந்துபோய், போகிற போக்கில், சாலையில் போன தாலுகா பஸ்ஸின் மேல் எச்சமிட்டது. ராக்கு கிளாசை இலையின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னாள். அங்குச்சாமியின் வசதிக்காக இடுப்பு மட்டத்தில் கூடினார்கள்.

“குஞ்சுகளுக்கெல்லாம் றெக்கை முத்திப்போச்சு,” என்றாள் ராக்கு. “தாயி எம்புட்டு ஒசரம் போகுதோ அம்புட்டு ஒசரம் அதுகளும் போகுது. இனிமே அதுக இங்க இருக்கிறது பிரியத்துக்குத்தான், அவசியத்துக்கு இல்ல. சித்திரைக்கு மட்டும் வெளிய வர்ற நம்ம கோயில் வேட்டுக்கொழாயை எடுத்து நான் அதிர்வேட்டுப் போடப்போறேன்.”

இலையில் அலைகூட நின்றுபோனது.

“ஆத்தா ராக்கு,” என்றார் அங்குச்சாமி, மெதுவாக, “மக வீட்டைவிட்டுத் தானாப் போறவரைக்கும் போன்னு சொல்லாத ஊரு இது. வராத பன்னெண்டு வருசமும் வாயத் தொறக்காத ஊரு. வந்தபெறகு வெரட்டச் சொல்றியா?”

“வெரட்டச் சொல்லல சித்தப்பா. இங்கனயே இருந்தா இங்கன மட்டும்தான் மொளைக்கும். அவன் வழிச்செடுத்துருவான். கலைஞ்சு போனா, போற எடமெல்லாம் எறங்கும். எங்கெங்க தண்ணிய மூடுனாகளோ அங்கெல்லாம் எந்திரிக்கும். தாலுகா ஆபீசு எதுல நிக்கிது? ஊரணிக்குள்ள நிக்கிது. மழை பேஞ்சா செருப்பக் கையில தூக்கிட்டுத்தான மனுக் குடுக்கப் போறோம்?”

“கலைச்சுவிட்டா அதுக அந்தப் பக்கம்தான் போகும்னு என்ன உறுதி?” என்றாள் பாத்திமுத்து.

“உறுதி இல்ல.”

“திரும்ப வராமப் போயிட்டா?”

ராக்கு காய்ந்த கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வராமப் போனா பழி என்னோட. ஊரு வாயத் தொறக்கலைன்னே இருக்கட்டும். ராக்கு தொறந்தான்னு சொல்லுங்க. பொத்திப் பொத்தி வச்சோம், சித்தப்பா. நாம வாயைப் பொத்திக்கிட்டு இருந்ததை அவங்க நமக்கு வாயே இல்லைன்னு நெனச்சுக்கிட்டாங்க.”

யாரும் சரி என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அங்குச்சாமி கோயில் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து இலையின் மேல் வைத்தார். இலை அதை ராக்குவிடம் கொண்டுவந்து சேர்த்தது.

மாசி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, நடுப்பகலில், ஊர் முழுக்கக் கரையில் நின்றது. ராக்கு பக்கத்து ஊரிலிருந்து கருமருந்து வாங்கிவந்திருந்தாள். துருப்பிடித்த இரும்புக் குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மருந்தைக் கெட்டித்து, மடைக்கல்லுக்குப் பக்கத்தில் நட்டுவைத்தாள். மரங்களில் பறவைகள் கண்ணை மூடிக்கொண்டு வெயில் காய்ந்தன. ஒரு நாரை தன் குஞ்சின் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. ராக்குவுக்கு அழுகை வந்தது. வந்ததை அவள் மறைக்கவில்லை. அவளுக்கு ஒரே மகள், சீமந்தம் முடிந்து வந்தவள், பிள்ளை பெற்று ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்குப் போன அன்று பஸ் நிறுத்தத்தில் நின்று அழுத அதே அழுகை. அன்றும் அவள்தான் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினாள்.

“போங்க தாயி,” என்றாள். “எம்புட்டு முடியுமோ அம்புட்டையும் வயித்துல போட்டுக்கிட்டுப் போங்க. போயி எறங்குற எடத்துல எல்லாம் எறக்கி வைங்க. ஒரு எடத்தையும் விட்டுறாதீக.”

திரியில் நெருப்பு வைத்தாள்.

பறவைகள் இருக்கிற காலத்தில் தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் கேட்காத சத்தம் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அந்த மாதத்தில் அந்தப் பழக்கமே அவர்களுக்கு இல்லை. மரங்கள் அப்படியே மேலே எழுந்தது போல இருந்தது. கூழைக்கடாக்கள் எழுந்தன, நத்தைக்குத்திகள் எழுந்தன, நீர்க்காகங்கள் எழுந்தன, வக்காக்கள் எழுந்தன, கிளுவைகள் எழுந்தன, இலைக்கோழிகள் எழுந்தன, வானத்தில் வெயிலுக்கு இடமில்லாமல் போனது. அவற்றின் கால்களிலிருந்து, வறண்ட கண்மாயிலிருந்து எழுந்த அந்தக் கால்களிலிருந்து, ஈரச் சேறு சொட்டியது. ஊர் முகத்தில் சொட்டியது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கண்மாய்ச் சேற்றின் வாசம் மூக்கில் ஏற, துடைத்துக்கொள்ள ஒருவரும் கையைத் தூக்கவில்லை. பறவைகள் ஒரு சுற்று வந்தன. வழக்கமாகப் போகிற வடக்கே போகவில்லை. நாலு திக்கும் பிரிந்தன, பெருங்கூட்டம் தாலுகா ஊரைப் பார்த்துப் போனது.

ராக்கு கரிபடிந்த கையோடு நின்றாள். காலியான மரங்களை அவளால் பார்க்க முடியவில்லை. அன்று கிளுவையேந்தலில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, இரண்டாவது திங்கட்கிழமை, ராக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தாலுகா பஸ்ஸில் ஏறினாள். நாலுவழிச் சாலையின் மேலே, வரத்துக்கால் குறுக்கே போயிருந்த இடத்தில், கோரை நிமிர்ந்து நின்றது. கார்கள் அதற்குள் புகுந்து புறப்பட்டுப் போயின, கோரை வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துகொண்டது. அடுத்த ஊரில் பெட்ரோல் பங்க்கின் குழாய்களுக்கு நடுவே தாமரை மொட்டு விட்டிருந்தது. தாலுகா ஊருக்குள் நுழைந்ததும் டிரைவர் பஸ்ஸை முதல் கியரில் போட்டான். பஸ் நிலையம் முழுக்க ஜன்னல் மட்டத்துக்கு அல்லி. அதற்கப்பால் கோர்ட்டில் அல்லி, காய்கறி மார்க்கெட்டில் அல்லி, நகைக்கடை வீதியில் ஆரம் மாட்டிய பொம்மைகளின் கழுத்துவரை அல்லி, எல்லாம் ஒரே மட்டத்தில். எந்த ஊரணி எங்கிருந்து எங்கே வரை இருந்தது என்று கயிறு பிடித்து அளந்ததுபோலத் தெரிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடை தூக்குகிற பெண்கள் கூடையை இலையில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். “மூணு நாளா இப்படித்தான்” என்றார் ராக்குவிடம் ஒரு பூக்காரர். “எங்க தாத்தா குளிச்ச ஊரணியாம் இது. இப்பத்தான் எனக்கே தெரியுது.”

தாலுகா அலுவலகம் ஊரணியின் ஆழமான பக்கத்தில் இருந்தது. படியில் கால் வைக்கும் முன் ராக்கு குனிந்து சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டாள். உள்ளே மனுவோடு வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நெஞ்சு மட்டத்தில் இலைகள், எல்லாரும் மனுவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். குமாஸ்தாக்கள் எழுந்து நின்றபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். தாசில்தார் குணாளன் மட்டும் பதவிக்குரிய நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார். இலை அவர் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணாந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை.

“வந்துட்டியாம்மா,” என்றார். “படிவம் அந்தா மெதக்குது பாரு.”

ராக்கு அதைப் பிடித்து எடுத்தாள். கிளுவையேந்தல் கண்மாய், நீர்மட்டம் என்கிற கட்டத்தில் பூச்சியம் போட்டிருந்தது. பேனாவை வாங்கி, பூச்சியத்தை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில், தலையாரி வேலைக்கு வந்தபின் கற்றுக்கொண்ட பெரிய பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினாள்: ‘கண்மாய் நிறைஞ்சு மறுகால் பாயிற மட்டம். நான் பாத்தேன்.’ அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் மனுவைக் கீழே இறக்கி, பேனாவுக்குக் கையை நீட்டினார்.

“இது செல்லாதும்மா,” என்றார் குணாளன். பேச வாயைத் திறந்ததும் ஓர் இலை உதட்டில் மோதியது. அவர் பதறிப்போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“பத்து எடத்துக்கு மேல எண்ணிக்கிட்டு வந்திருக்கேங்கய்யா. இப்ப இது நெலவரம். மொதல்ல எந்திரிச்சுக் கரையேறுங்க. அப்பறம் செல்லுமா செல்லாதான்னு பேசுவோம்.”

தாசில்தார் எழுந்து நின்றார். வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே கோர்ட்டைப் பார்த்தார், மார்க்கெட்டைப் பார்த்தார், பஸ் நிலையத்தைப் பார்த்தார்.

“கரை எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார்.

“அதையும் நீங்கதானங்கய்யா இடிச்சீங்க,” என்றாள் ராக்கு.